பெரிய தொலைநோக்கிகளுக்குக் கருவி செய்யும் வேலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வானியலாளர் என்றதும் இரவு முழுக்கத் தொலைநோக்கியில் கண் வைத்துப் பார்க்கும் ஆள்தான் பலருக்கும் நினைவுக்கு வருகிறார். நாங்கள் இருக்கும் பக்கம் வேறு. அந்தத் தொலைநோக்கியோடு இணைக்கும் கேமராக்களையும், ஒளியை நிறம் நிறமாகப் பிரிக்கும் நிறமாலைமானிகளையும் வடிவமைத்து, கட்டி, சோதித்து, மலைக்குக் கொண்டுபோய்ப் பொருத்துவது எங்கள் வேலை. இந்தப் பக்கம் வர நினைக்கும் மாணவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

தொலைநோக்கியே ஒரு கருவிதானே, அதற்கு மேல் என்ன கருவி?

பெரிய கண்ணாடி ஒளியைச் சேர்த்து ஓரிடத்தில் குவிக்கும், அதோடு அதன் வேலை முடிந்தது. குவிந்த ஒளியிலிருந்து என்ன தெரிந்துகொள்ள முடியும் என்பது அதன் பின்னால் இருக்கும் கருவியைப் பொறுத்தது. படம் எடுக்கலாம், நிறம் நிறமாகப் பிரித்து அந்த விண்மீனில் என்ன தனிமங்கள் இருக்கின்றன, அது நம்மை நோக்கி வருகிறதா விலகிப் போகிறதா என்று அளக்கலாம், பக்கத்தில் இருக்கும் பிரகாசமான விண்மீனை மறைத்துவிட்டு அதன் கோளை மட்டும் தேடலாம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கருவி.

ஹவாயின் மௌனா கியா மலையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1986இல் அங்கிருந்த யுகேஐஆர்டி என்ற 3.8 மீட்டர் அகச்சிவப்புத் தொலைநோக்கியில் ஐஆர்கேம் என்ற கேமராவைப் பொருத்தினார்கள். ஒளியைப் பதிவுசெய்யும் அதன் உணரியில் 62க்கு 58, அதாவது 3,600 பிக்சல்கூட இல்லை. ஆனாலும் அது பெரிய பாய்ச்சல், ஏனென்றால் அதுவரை அகச்சிவப்பில் வேலை செய்தவர்கள் பெரும்பாலும் ஒற்றை உணரியை வைத்து வானத்தைப் புள்ளி புள்ளியாகத் துழாவிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கேமராவைக் கட்டிய இயன் மெக்லீன் பிற்பாடு சார்லஸ் ஸ்டைடலுடன் சேர்ந்து அதே மலையில் இருக்கும் கெக் தொலைநோக்கிக்கு மோஸ்ஃபயர் என்ற நிறமாலைமானியைச் செய்தார். 2012இல் அது வேலைக்கு வந்தது. அதன் உணரியில் 2048க்கு 2048, ஏறக்குறைய 42 லட்சம் பிக்சல். கடுங்குளிரில், வெற்றிடத்துக்குள்ளேயே நகர்த்தி அமைக்கக்கூடிய, ஒளி நுழையும் 46 பிளவுகள் அதில் உண்டு, அதனால் பல விண்மீன் திரள்களின் நிறமாலையை ஒரே நேரத்தில் எடுக்கலாம். கெக்கின் 10 மீட்டர் கண்ணாடி 1990களில் இருந்த அதே 10 மீட்டர்தான், ஒரு அங்குலம் கூடவில்லை. அது காணக்கூடியது மட்டும் பல மடங்கு பெருகிவிட்டது.

இதெல்லாம் பொறியாளர் வேலை இல்லையா? வானியலாளர் எதற்கு?

இதுதான் முக்கியமான கேள்வி, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சூரியனைப் போன்ற ஒரு விண்மீனைக் கோள் ஒன்று சுற்றினால் அந்த விண்மீனும் லேசாகத் தள்ளாடும். 1995இல் மிஷேல் மேயரும் டிடியே கேலோவும் எலோடி என்ற நிறமாலைமானியைக் கொண்டு 51 பெகாசி விண்மீனின் தள்ளாட்டத்தைக் கண்டுபிடித்தபோது அது விநாடிக்கு ஐம்பது மீட்டருக்குச் சற்று மேல். வியாழன் நம் சூரியனை ஆட்டுவது விநாடிக்கு 12.5 மீட்டர். பூமி ஆட்டுவது விநாடிக்கு 9 சென்டிமீட்டர், அவ்வளவுதான். சரி, எலோடிக்குப் பிறகு இன்னும் சிறிய கோள்கள் வேண்டும், விநாடிக்கு 1 மீட்டரை அளக்க வேண்டும் என்று முடிவு செய்கிறீர்கள். 2003இல் சிலியின் லா சியாவில் 3.6 மீட்டர் தொலைநோக்கியில் வைத்த ஹார்ப்ஸ் கருவியின் இலக்கு அதுதான். விண்மீனில் உள்ள தனிமங்கள் அதன் நிறமாலையில் கோடுகளாகத் தெரியும், விண்மீன் நம்மை நோக்கி வந்தாலும் விலகினாலும் அந்தக் கோடுகள் லேசாக இடம் மாறும். விநாடிக்கு 1 மீட்டர் வேகம் என்றால் உணரியின் மேல் நிறமாலைக் கோடு எவ்வளவு நகரும்? ஏறத்தாழ 15 நானோமீட்டர், ஒரு பிக்சலில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

கருவிக்குள் வெப்பநிலை 0.01 டிகிரி மாறினாலே அந்த அளவுக்குக் கோடு நகர்ந்துவிடும், காற்றழுத்தம் 0.01 மில்லிபார் மாறினாலும் அப்படியே. அதனால்தான் ஹார்ப்ஸ் தொலைநோக்கியின் மேலேயே தொங்கவில்லை. தனி அறையில், வெற்றிடக் கலனுக்குள், வெப்பநிலை அசையாமல் உட்கார்ந்திருக்கிறது, விண்மீனின் ஒளி மட்டும் ஆப்டிகல் ஃபைபர் வழியாக அதற்குள் வருகிறது. பக்கத்தில் இன்னொரு ஃபைபர், கோடுகள் எங்கே விழ வேண்டும் என்று முன்பே தெரிந்த தோரியம் ஆர்கான் விளக்கின் ஒளியைக் கொண்டுவருகிறது, மிச்சம் இருக்கும் நகர்வையும் அதை வைத்துக் கழித்துவிடலாம்.

கவனியுங்கள், "எனக்கு இந்த அளவு கோள் வேண்டும்" என்று தொடங்கிய பேச்சு "இந்தக் கலனின் வெப்பநிலை இதற்கு மேல் மாறக் கூடாது" என்பதில் வந்து நிற்கிறது. அந்தச் சங்கிலி முழுவதையும் கையில் பிடித்திருப்பவர்தான் கருவி வானியலாளர். பொறியாளர்கள் எங்களைவிடப் பல மடங்கு கெட்டிக்காரர்கள், நீங்கள் கேட்டதைச் செய்து தந்துவிடுவார்கள். ஆனால் எதைக் கேட்க வேண்டும் என்பது அறிவியலிலிருந்து வர வேண்டும். அதைவிட முக்கியம், எதைக் கேட்க வேண்டாம் என்பதும் அங்கிருந்துதான் வரும். ஒரு லென்ஸ் பிடிப்பான் 10 மைக்ரான் துல்லியத்தில் வேண்டுமா, 50 மைக்ரான் போதுமா என்று கூட்டத்தில் கேட்பார்கள். 50 போதும் என்று நீங்கள் தைரியமாகச் சொன்னால் அது பல மாத வேலையையும் பெரும் பணத்தையும் மிச்சப்படுத்தும். அந்தத் தைரியம் கணக்குப் போட்டுப் பார்த்தவருக்கு மட்டும்தான் வரும்.

ஒரு நாள் எப்படிப் போகும்?

திட்டம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. தொடக்கத்தில் ஸீமேக்ஸ் போன்ற ஒளியியல் மென்பொருளில் கதிர்களை ஓடவிட்டுப் பார்ப்பது, எந்தப் பாகத்தில் எவ்வளவு பிழையைத் தாங்கலாம் என்று பிழைக் கணக்கு எழுதுவது, கூட்டம், மறுபடி கூட்டம். முதல்நிலை வடிவமைப்பு மதிப்பாய்வு, இறுதி வடிவமைப்பு மதிப்பாய்வு என்று வெளியாட்கள் வந்து உங்கள் ஆவணங்களை ஒவ்வொரு பக்கமாகக் குடைவார்கள். பலருக்கு இந்தக் கட்டம் சலிப்பாக இருக்கும். எனக்கு இது பிடிக்கும், ஏனென்றால் காகிதத்தில் ஒரு தப்பைத் திருத்த ஒரு மதியம் போதும்.

அப்புறம் ஆய்வுக்கூடம். அகச்சிவப்புக் கருவி என்றால் அது தன் சொந்த வெப்பத்தாலேயே ஒளிரும், அதனால் முழுவதையும் வெற்றிடத்தில் வைத்துத் திரவ நைட்ரஜன் வெப்பநிலைக்கு, அதாவது 77 கெல்வின் அருகே கொண்டுபோக வேண்டும். அலுமினியத்தை அறை வெப்பநிலையிலிருந்து அங்கே இறக்கினால் ஏறக்குறைய 0.4 சதவீதம் சுருங்கும். 200 மில்லிமீட்டர் விட்டமுள்ள பிடிப்பான் 0.8 மில்லிமீட்டர் சுருங்குகிறது என்று அர்த்தம். உள்ளே இருக்கும் லென்ஸ் கால்சியம் ஃபுளூரைடு என்றால் அது வேறு அளவில் சுருங்கும், போதாததற்குத் திடீர் வெப்ப மாற்றம் அதற்கு ஆகவே ஆகாது, விரிசல் விட்டுவிடும். பிடிப்பான் இறுக்கிப் பிடித்தால் லென்ஸ் நொறுங்கும், தளர்த்திப் பிடித்தால் லென்ஸ் நடுவிலிருந்து விலகிவிடும். அதனால் சுற்றிலும் மெல்லிய வில் போன்ற பட்டைகளை வைத்து, குளிரும்போது எல்லாப் பக்கமும் சமமாக வளைந்து லென்ஸை நடுவிலேயே நிறுத்துகிற மாதிரி செய்கிறோம். அந்த லென்ஸை முதன்முறை பிடிப்பானுக்குள் இறக்கும்போது தூய அறையில் யாரும் பேச மாட்டார்கள். இரண்டு பேர் கையுறையோடு இறக்குவார்கள், மூன்றாமவர் பக்கவாட்டில் குனிந்து இடைவெளியைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருப்பார்.

பிறகு மூடி, காற்றை உறிஞ்சி, மெதுவாகக் குளிர்விக்க வேண்டும். பெரிய கருவிகளுக்கு இதற்கே பல நாட்கள் ஆகும், திரும்பச் சூடாக்கவும் அதே மாதிரி. காற்று புகாமல் அடைக்கும் ரப்பர் வளையத்தின் மேல் ஒரு தலைமுடி கிடந்தால் வெற்றிடம் நிற்காது, ஹீலியம் வாயுவை வெளியே பீய்ச்சிக் கசிவைத் தேட வேண்டியிருக்கும். உள்ளே ஒரு திருகு தளர்ந்திருப்பது தெரிந்தால் சூடாக்கி, திறந்து, இறுக்கி, மூடி, மறுபடி குளிர்விக்க வேண்டும். ஒரு திருகுக்காகப் பல வாரங்கள் போவது இந்தத் துறையில் சாதாரணம். பொறுமை இல்லாதவர்களுக்கு இந்த வேலை ஒத்துவராது.

ஒளி எவ்வளவு வீணாகிறது?

எல்லோரும் கண்ணாடியின் விட்டத்தைப் பற்றியே பேசுகிறார்கள், இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பூச்சு இல்லாத ஒரு கண்ணாடிப் பரப்பில் ஒளி பட்டால் சுமார் 4 சதவீதம் திரும்பிப் போய்விடும். ஒரு நிறமாலைமானியில் 10 லென்ஸ், அதாவது 20 பரப்பு இருந்தால் 0.96ஐ 20 முறை பெருக்குங்கள், மிஞ்சுவது 44 சதவீதம். நல்ல பூச்சு போட்டு ஒவ்வொரு பரப்பிலும் இழப்பை 1 சதவீதமாகக் குறைத்தால் 82 சதவீதம் மிஞ்சும். பூச்சு இல்லாத கருவியை 10 மீட்டர் தொலைநோக்கியில் மாட்டுவதும், பூச்சுள்ள கருவியை 7.3 மீட்டர் தொலைநோக்கியில் மாட்டுவதும் சேரும் ஒளியின் கணக்கில் ஒன்றுதான். நிஜத்தில் யாரும் பூச்சில்லாமல் செய்ய மாட்டார்கள், ஆனால் ஒவ்வொரு பரப்பிலும் அரை சதவீதத்துக்காக நாங்கள் ஏன் சண்டை போடுகிறோம் என்பது இதிலிருந்து புரியும். திரும்பிப் போகிற ஒளி சும்மாவும் இருக்காது, எங்காவது பட்டுத் திரும்பி வந்து படத்தில் இல்லாத ஒன்றை இருப்பதுபோல் காட்டும். அந்தப் போலிப் பிம்பங்களைத் தேடிப் பிடிப்பதே தனி வேலை.

ஒரு கருவி முடிய எவ்வளவு காலம் ஆகும்?

பெரிய தொலைநோக்கிக்கு என்றால் பத்து ஆண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். சிலியின் பரனாலில் இருக்கும் விஎல்டி தொலைநோக்கிகளில் ஒன்றில் பொருத்திய மியூஸ் என்ற கருவி, ரோலான் பேகன் தலைமையில் 2000களின் தொடக்கத்தில் யோசனையாகப் பிறந்து 2014இல் முதல் ஒளியை, அதாவது முதன்முறையாக வானத்தின் ஒளியைப் பார்த்தது. ஒரே மாதிரியான 24 நிறமாலைமானிகள் அதற்குள் இருக்கின்றன. முனைவர் பட்டத்துக்கு வரும் மாணவர் யாரும் ஒரு பெரிய கருவியைத் தொடக்கம் முதல் முடிவு வரை பார்க்க முடியாது. இதைத் தெரிந்துகொண்டே வர வேண்டும்.

தப்பு நடந்தால் என்ன ஆகும்?

தரையில் இருக்கும் கருவி என்றால் இறக்கித் திருத்தலாம். விண்வெளியில் அப்படி இல்லை. ஹப்பிள் 1990இல் மேலே போன பிறகுதான் அதன் 2.4 மீட்டர் கண்ணாடி ஓரத்தில் 2.2 மைக்ரான் அளவுக்கு அதிகமாகத் தேய்க்கப்பட்டிருப்பது தெரிந்தது. தேய்த்தவர்கள் அளவைப் பிசகாமல் பின்பற்றியிருந்தார்கள், அளந்த சோதனைக் கருவியில்தான் ஒரு லென்ஸ் 1.3 மில்லிமீட்டர் தள்ளி இருந்தது. என் மனதை உறுத்துவது அதுகூட இல்லை. எளிமையான வேறு சோதனைகள் ஏதோ சரியில்லை என்று முன்பே காட்டியிருந்தன, அவை துல்லியம் குறைந்தவை என்று ஒதுக்கிவிட்டார்கள். 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் போய், பிழையை ஈடுகட்டும் காஸ்டார் என்ற அமைப்பையும், திருத்தத்தைத் தனக்குள்ளேயே வைத்திருந்த புதிய கேமராவையும் பொருத்தினார்கள்.

அதனால் எங்கள் துறையில் ஒரு பழக்கம் ஊறிப்போயிருக்கிறது. முக்கியமான எதையும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு வழிகளில் அளக்க வேண்டும், இரண்டும் ஒத்துவராவிட்டால் எது நல்லது என்று வாதாடாமல் ஏன் ஒத்துவரவில்லை என்று கண்டுபிடித்த பிறகே அடுத்த வேலை. கால அட்டவணை நெருக்கும்போது இதை விட்டுக்கொடுக்கச் சொல்லி நாலா பக்கமும் அழுத்தம் வரும். விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஹப்பிளுக்காவது ஆள் போக முடிந்தது. ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கிக்கு யாரும் போக முடியாது. 2022 ஆகஸ்டில் அதன் மிரி கருவியில், நிறமாலை எடுக்கும் ஒரு முறைக்கான சக்கரம் சுழலும்போது உராய்வு கூடுவதைக் கண்டு அந்த முறையை நிறுத்திவைத்தார்கள். காரணத்தை ஆராய்ந்து, சக்கரத்தை எப்படி நகர்த்தலாம் என்று விதி வகுத்து, நவம்பரில் மறுபடி தொடங்கினார்கள். கைக்கு எட்டாத இடத்தில் இருக்கும் ஒரு பொருளைத் தரவை மட்டும் பார்த்து வழிக்குக் கொண்டுவந்த அந்தக் குழுவின் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

கண்டுபிடிப்பு வந்தால் பெயர் யாருக்குப் போகும்?

பெரும்பாலும் கருவியைப் பயன்படுத்தியவருக்கு. இது நியாயமில்லை என்று நான் வெளிப்படையாகவே சொல்வேன். நியமனமும் பதவி உயர்வும் ஆய்வுக் கட்டுரைகளை எண்ணித்தான் நடக்கின்றன. கருவி கட்டிய ஆண்டுகளில் உங்களிடம் இருப்பது சில மாநாட்டுக் கட்டுரைகளும் அலமாரி நிறைய வடிவமைப்பு ஆவணங்களும்தான், அவற்றை எண்ணுவதற்கு யாரிடமும் அளவுகோல் இல்லை.

ஈடுசெய்ய ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஐரோப்பிய தெற்கு வானாய்வகம் போன்ற இடங்களில் கருவியைக் கட்டிக்கொடுத்த குழுவுக்கு உத்தரவாத இரவுகள் என்று குறிப்பிட்ட அளவு நேரம் தருவார்கள். போட்டி போடாமல், நீங்கள் எந்தக் கேள்விக்காகக் கட்டினீர்களோ அதற்கே முதலில் பயன்படுத்தலாம். மேயரும் கேலோவும் 2019இல் நோபல் பரிசு வாங்கியது இந்த வகைக் கதைதான், கேள்வியும் கருவியும் ஒரே குழுவிடம் இருந்தன. 2020இல் பரிசு பெற்ற ரைன்ஹார்ட் கென்செலின் குழுவும் அப்படியே. நம் பால்வீதியின் மையத்தில் இருக்கும் கருந்துளையை எஸ்2 என்ற விண்மீன் 2018 மே மாதத்தில் நெருங்கிக் கடந்தபோது, விஎல்டியின் நான்கு 8.2 மீட்டர் தொலைநோக்கிகளின் ஒளியையும் ஒன்றாக இணைக்கும் கிராவிட்டி கருவி தயாராக இருந்தது. அந்த விண்மீன் ஒரு சுற்றுச் சுற்ற சுமார் 16 ஆண்டு ஆகும். கருவி சற்றுத் தாமதித்திருந்தால் அடுத்த வாய்ப்புக்கு அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டியதுதான்.

தரவை மட்டும் பயன்படுத்துகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள்: கருவியை விவரிக்கும் கட்டுரையை மறக்காமல் மேற்கோள் காட்டுங்கள். உங்களுக்கு ஒரு வரிதான், கட்டியவருக்கு அதுதான் பிழைப்பு.

அடுத்து வரும் ராட்சதத் தொலைநோக்கிகளில் வேலை எப்படி மாறும்?

சிலியில் எழும்பிக்கொண்டிருக்கும் ஈஎல்டி என்ற தொலைநோக்கியின் முதன்மைக் கண்ணாடி 39 மீட்டர், 798 துண்டுகள். பழைய முறையில் யோசித்தால் இங்கே ஒரு சிக்கல் வருகிறது. வளிமண்டலம் விண்மீனின் பிம்பத்தைக் கலைத்துப் பரப்பிவிடுகிறது. அந்தப் பரந்த பிம்பத்தை உள்வாங்கி அதே நுணுக்கத்தோடு பிரிக்க வேண்டுமானால் கண்ணாடி பெரிதாகப் பெரிதாக நிறமாலைமானியும் பெரிதாக வேண்டும். வீடு அளவுக்கு லென்ஸ் செய்ய முடியாது. அதனால் பிம்பத்தையே சரிசெய்ய வேண்டியிருக்கிறது. இந்த யோசனையை ஹொரேஸ் பாப்காக் 1953இலேயே எழுதிவிட்டார், அதைச் செய்துகாட்டும் கணினியும் உணரியும் வரப் பல பத்தாண்டுகள் ஆயின. இன்று 589 நானோமீட்டர் லேசரைச் செலுத்தி, சுமார் 90 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் சோடியம் அணுக்களை ஒளிரவைத்துச் செயற்கை விண்மீன் உண்டாக்கி, அது எப்படிக் கலைகிறது என்று அளந்து, கண்ணாடியை எதிர்த்திசையில் வளைக்கிறோம். ஈஎல்டியில் இதற்கான கண்ணாடியின் பின்னால் 5,000க்கும் மேற்பட்ட உந்திகள் இருக்கும், விநாடிக்கு ஆயிரம் முறை வரை வடிவத்தை மாற்றும். கட்டுப்பாட்டியலும் வேகமான கணக்கீடும் தெரிந்தவர்களுக்கு இங்கே வேலைக்குப் பஞ்சமே இருக்காது.

மலைக்குப் போக வேண்டியிருக்குமா?

பொருத்தும்போதும் சோதிக்கும்போதும் கட்டாயம். பரனால் 2,635 மீட்டர், சமாளித்துவிடலாம். மௌனா கியா உச்சி ஏறக்குறைய 4,200 மீட்டர், கடல் மட்டத்தில் கிடைக்கும் ஆக்சிஜனில் 60 சதவீதம்தான் அங்கே. எளிய கூட்டல்கூடத் தடுமாறும். அதனால் கீழே இருக்கும்போதே ஒவ்வொரு படியையும் எழுதி வைத்துக்கொண்டு, மேலே போய் யோசிக்காமல் எழுதியபடியே செய்ய வேண்டும். எந்த வடத்தை எந்தத் துளையில் செருக வேண்டும் என்பது உட்பட எழுதுங்கள்.

என்ன படிக்க வேண்டும்?

இயற்பியல் அல்லது பொறியியல், எந்தப் பக்கமிருந்தும் வரலாம். ஒளியியல், புள்ளியியல், நிரல் எழுதுவது மூன்றும் தெரிந்திருக்க வேண்டும். அதோடு கையால் எதையாவது செய்து பழகுங்கள். ஒரு பிளவு, இரண்டு லென்ஸ், ஒளியை நிறங்களாகப் பிரிக்கும் ஒரு கீற்றணி, ஒரு பழைய கேமரா இருந்தால் சிறிய நிறமாலைமானி கட்டிவிடலாம். அதைப் பகல் வானத்தின் பக்கம் திருப்பி (சூரியனை நேராக வேண்டாம், கண் போய்விடும்) 589.0, 589.6 நானோமீட்டரில் இருக்கும் இரண்டு சோடியம் கோடுகளையும் தனித்தனியாகப் பிரித்துக்காட்ட முயலுங்கள். பிளவு ஏன் மெலிதாக வேண்டும், மெலிதானால் ஒளி ஏன் குறைகிறது, குவியம் ஏன் நகர்கிறது என்பதெல்லாம் அதில் மோதித்தான் புரியும். அந்தச் சோதனையை ஒழுங்காகச் செய்து பிழைக் கணக்கோடு எழுதிக் கொண்டுவரும் மாணவரை நான் மதிப்பெண் பார்க்காமல் சேர்த்துக்கொள்வேன்.

நிரந்தர வேலை கிடைக்குமா?

பல்கலைக்கழக இடங்கள் குறைவு, அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் வெற்றிடம், கடுங்குளிர், உணரி, துல்லிய ஒளியியல் தெரிந்தவர்களைச் செயற்கைக்கோள், குறைகடத்தி, மருத்துவப் படமெடுப்புத் துறைகள் விரும்பி எடுத்துக்கொள்கின்றன. தரவு மட்டும் அலசிய வானியலாளரைவிட உங்களுக்கு வாசல்கள் அதிகம்.

எந்தக் குழுவில் சேர்வது என்று எப்படி முடிவு செய்வது?

சேரும் முன் அங்கே இருக்கும் மாணவர்களிடம் தனியாகப் பேசுங்கள். கருவி இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று முதலில் கேளுங்கள். இறுதி வடிவமைப்பு முடிந்து கட்டத் தொடங்கும் நேரம் முனைவர் பட்டத்துக்கு நல்லது, சோதனையும் முதல் தரவும் உங்கள் காலத்துக்குள் வர வாய்ப்பு உண்டு. மாணவர்கள் உண்மையில் கருவியைத் தொடுகிறார்களா, இல்லை ஆவணம் மட்டும் எழுதுகிறார்களா என்று கேளுங்கள். கருவி தாமதமானால் ஆய்வேடு என்ன ஆகும் என்றும் வழிகாட்டியிடமே நேராகக் கேட்டுவிடுங்கள். தாமதம் நிச்சயம் வரும், அதற்குத் தயாராக ஏற்கெனவே தரவு தந்துகொண்டிருக்கும் ஒரு கருவியில் இரண்டாவது சிறு வேலையைக் கையில் கொடுத்து வைக்கிற வழிகாட்டி கிடைத்தால் அவரிடம் சேருங்கள்.